மேலே வந்தவரை ஒன்றும் கேட்பதில்லை

ரயில் ஓடாத காலத்தில் மாரிகுப்பம் ஸ்டேஷனில் ஒரு பெண் ரயிலுக்குக் கிளம்பி வந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

கொரோனா வந்து எல்லாம் மூடிக் கிடந்த முதல் வருஷம் அது. வெயில் ஏறாத காலை வேளை. மிதிக்க ஆளில்லாமல் தண்டவாளத்து ஓரம் பண்ணைக்கீரை தளதளவென்று வளர்ந்திருந்தது. அதைப் பறிக்கப் போவேன். யாரும் நடமாடாத நேரமாகப் பார்த்துத்தான் போவேன். கிருமிக்குப் பயந்து இல்லை. சின்ன வயசிலிருந்தே நாலு பேர் எதிரே வந்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

பிளாட்பாரத்து சிமென்ட் பெஞ்சில் யசோதரா உட்கார்ந்திருந்தாள். தலை வாரி இறுக்கப் பின்னியிருந்தாள். துவைத்து மடித்த சுடிதார். கழுத்தில் காலேஜ் அட்டை. மடியில் பை. முகத்தில் அவள் அம்மா ஜாக்கெட் துணியில் தைத்துக் கொடுத்த மாஸ்க். எதிரே வெறும் தண்டவாளம். சக்கரம் உருளாததால் பளபளப்பெல்லாம் போய் துரு ஏறிக் கிடந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவளும் ஆட்டினாள்.

இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நினைத்தேன். கீரையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன்.

இதை எழுதலாமா என்று அவளிடம் போன மாதம் கேட்டேன். "எழுதுங்க பெரிம்மா, பேர மட்டும் மாத்திடுங்க" என்றாள். யசோதரா என்ற பேரை அவளேதான் எடுத்துக் கொடுத்தாள். "கொஞ்சம் கெத்தா இருக்கட்டும்" என்றாள்.

பக்கத்து வீடு

எங்களுடையது கோலார் தங்கவயலில் மைன்ஸ், அதாவது சுரங்கம், ஓடிய காலத்து லைன் வீடு. வரிசையாக வீடுகள், இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரும் கூரை வரைக்கும் போகாது. மேலே சந்து இருக்கும், அதற்கு மேல் ஜிங்க் ஷீட். விமலா அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் எனக்கு இருமல் வரும்.

யசோதரா விமலாவுக்கு ஒரே பெண். அப்பா அன்பழகன் பெங்களூரில் பெயிண்ட் வேலை. அவரும் மகளும் விடியாத வண்டியில் ஒன்றாகக் கிளம்புவார்கள். அவர் வேலைக்கு, அவள் யூனிவர்சிட்டிக்கு. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. எங்கள் லைனில் அவ்வளவு படித்தவர்கள் அதுவரை கிடையாது.

அந்த வண்டியில் எல்லோருக்கும் பழகிய பெட்டி, பழகிய மூலை உண்டு. ஒரு பக்கம் சீட்டாட்டம், ஒரு பக்கம் பூண்டு உரிப்பு, யாரோ ஒருத்தர் டப்பாவில் கொண்டுவந்த புளிச்சோறு கை கையாகப் போகும். அந்தச் சத்தத்தில்தான் அவள் படிப்பாள். "என் பாதிப் படிப்பு ரயில்லதான் பெரிம்மா, வூட்ல படிச்சா ஏற மாட்டேங்குது" என்பாள். தூங்கிப்போய் அவள் தலை புத்தகத்தில் கவிழ்ந்தால் பக்கத்து அக்கா தட்டி எழுப்புவாளாம். பரீட்சை நாளில் பேர் தெரியாத சீட்டாட்டக்காரர்கள்கூட "இன்னா பாப்பா, எப்டி எழ்தின" என்று கேட்பார்களாம்.

ரயில் நின்றது. யூனிவர்சிட்டி மூடியது. பாடமெல்லாம் போனுக்குள் வந்தது.

ஒரு அறை, ஒரு அடுப்படி. ஷீட்டு சூடேறி உள்ளே அனலாக இறங்கும். அப்பா வேலை இல்லாமல் வாசலில். அம்மா அடுப்படியில். இவள் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பாடம் கேட்பாள். பின்னால் கொடியில் தொங்கும் துணி தெரியக் கூடாது என்று ஒரு போர்வையைக் கட்டிவிட்டிருந்தாள்.

ஒருநாள் அவள் ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது விமலாவின் குக்கர் விசில் அடித்தது. போனுக்குள் யாரோ சிரித்தார்கள். அப்புறம் பலர் சிரித்தார்கள். வாத்தியாரம்மாவும் சிரித்துக்கொண்டே "யார் வீட்டிலேயோ சாம்பார் ரெடி" என்று சொன்னாராம். கெட்ட மனசோடு சொன்னதில்லை. ஆனால் அன்றைக்கு மூடிய மைக்கை யசோதரா அப்புறம் திறக்கவே இல்லை.

இதெல்லாம் பிறகு அவள் சொன்னது. எனக்குச் சுவர் வழியே தெரிந்தது இவ்வளவுதான். அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வருவது நின்றுபோனது.

குழாயடி

முதலில் யசோதராவுக்குச் சாப்பாடு குறைந்தது. பிறகு குளியல். பாடம் ஓடிக்கொண்டிருக்கும், அவள் படுத்துக் கிடப்பாள். சில நேரம் மூச்சு மேல்மூச்சு கீழ்மூச்சாக வாங்கும். கொரோனாதான் என்று பயந்து மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். அது இல்லை என்று வந்தது.

"இன்னாமே விமலா, பொண்ணு துன்றாளா?" என்று குழாயடியில் பாக்கியம் கேட்டாள். பாக்கியம் குடத்தைக் கீழே வைத்தால் லைன் முழுக்கக் கேட்கும், பேசினால் அடுத்த லைனுக்கும் கேட்கும்.

"எங்கக்கா. வெச்சது வெச்சபடி கீது."

"இன்னா ஏதுன்னு கேட்டியா?"

"கேக்கல. இவுங்க நைனா கேக்காதன்னுட்டாரு."

"ஆமா, கேக்காத. தானா வருவா. யாரும் அவள ஒண்ணியும் கேக்காதீங்க, சொல்ட்டேன்."

பாக்கியம் சொன்னால் சட்டம் மாதிரி. பிள்ளைகள் பந்து விளையாட்டை லைனின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோனார்கள். டிவி சத்தம் குறைந்தது. யசோதரா வாசலுக்கு வந்தால் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை விட்டுவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். விமலா தட்டில் சோற்றைப் போட்டு மகள் பக்கத்தில் வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் அடுப்படிக்குப் போய்விடுவாள். எல்லோரும் அவளைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். எங்களுக்கு இது பழக்கம். எங்கிருந்து வந்த பழக்கம் என்று சொல்கிறேன்.

பூமி குலுங்கினால்

மைன்ஸ் ஓடிய காலத்தில் அடியில் பாறை வெடித்தால் மேலே எங்கள் வீடு குலுங்கும். பர்ஸ்ட் என்போம். அலமாரியில் இருக்கிற டம்ளர் கீழே விழும். விழுந்ததை யாரும் எடுக்க மாட்டோம், அப்படியே சுரங்க வாய்க்கு, ஷாப்ட்டுக்கு ஓடுவோம். அங்கே ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். ஒவ்வொரு தரம் கேஜ் வரும்போதும் யார் முகம் என்று பார்ப்பது.

என் வீட்டுக்காரர் ஒரு தரம் உள்ளே மாட்டிக்கொண்டார். எனக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. மறுநாள்தான் மேலே வந்தார். அடி எதுவும் இல்லை. அவரோடு இருந்தவர்களில் சிலர் வரவில்லை.

நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். லைனில் மூத்த பொம்பளை ஒருத்தி என்னை இழுத்துப் பிடித்துக் காதில் சொன்னாள். "மேல வந்தவன ஒண்ணியும் கேக்காதமே. நீ கேட்டின்னா அவன் மறுபடியும் உள்ள போய்டுவான்."

வெந்நீர் வைத்தேன். களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு ஊற்றினேன். தூங்கவிட்டேன். லைன் முழுக்க அன்று குழந்தைகள்கூட அழவில்லை என்றுதான் தோன்றுகிறது. அடுத்த ஷிப்டுக்கு அவர் எழுந்து போனார். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியில் நெஞ்சு நோய் வந்து சாகும்வரை கேட்கவில்லை. எங்கே சாப்பிட உட்கார்ந்தாலும் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார். அது ஏன் என்றும் கேட்கவில்லை.

அதைத் தப்பென்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அவர் அடுத்த ஷிப்டுக்கு இறங்கியாக வேண்டும். பேசிப் பேசி உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட்டால் எந்த ஆம்பளை மறுபடி கேஜில் ஏறுவான். எங்களுக்குத் தெரிந்த பாசம் அது. வாயை மூடிக்கொண்டு வெந்நீர் வைப்பது.

மைன்ஸ் மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பழக்கம் மட்டும் மூடவில்லை.

பெஞ்சு

கீரை பறிக்கப் போன அந்த முதல் நாளுக்குப் பிறகு அவளை அங்கே பல தரம் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் தலையை ஆட்டுவேன், வந்துவிடுவேன். விமலாவுக்கும் தெரிந்துதான் இருந்தது. "காத்தாட போறா போல" என்று மட்டும் சொன்னாள்.

ஒருநாள் லேசாகத் தூறல். பெஞ்சு நனைந்திருந்தது. யசோதரா எழுந்திருக்கவில்லை. பையும் நனைந்துகொண்டிருந்தது. நான் தலையை ஆட்டினேன். இந்தத் தரம் அவள் ஆட்டவில்லை.

"பெரிம்மா."

நின்றேன்.

"எங்கிட்ட ஏன் யாருமே ஒண்ணும் கேக்க மாட்டேங்கறீங்க?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"அம்மா சோத்த வெச்சிட்டு ஓடுது. நைனா மூஞ்சியே பாக்கறதில்ல. நான் வெளில வந்தா லைனே கப்சிப். நான் இன்னா பண்ணேன்? படிக்காம போய்ட்டேன்னு கோவமா? இல்ல இவ அவ்ளோதான்னு தலமுழுவிட்டீங்களா?"

"கோவமெல்லாம் இல்லமா" என்றேன். "மேல வந்தவங்கள கேக்கக் கூடாதுன்னுதான்…"

"நான் இன்னா மைன்ஸ்லயா மாட்டிக்கினேன்?"

கேட்டுவிட்டுச் சிரிக்கப் போனாள். சிரிப்பு வரவில்லை. துரு ஏறிய தண்டவாளத்தைப் பார்த்தாள்.

"நீங்க எல்லாம் நான் மேல வந்துட்டேன்னு நெனச்சிக்கினீங்களா பெரிம்மா? நான் இன்னும் வர்ல."

நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். புடவை நனைந்தது. பெஞ்சில் ஆளுக்கொரு கோடியில் உட்கார வேண்டும் என்ற காலம் அது, நான் அதை மறந்துவிட்டேன். என் ஆயுசில் யாரையும் நானாகக் கேள்வி கேட்டவள் இல்லை. கடையில் விலை கேட்கவே கூச்சப்படுவேன்.

"இன்னாம்மா பண்ணுது?" என்றேன்.

அவ்வளவுதான் கேட்டேன். அவள் பேசினாள்.

விடிந்தால் வண்டிக்குக் கிளம்புகிற நேரத்துக்கு உடம்பு தானாக எழுந்துவிடுகிறதாம். வீட்டில் இருந்தால் ஷீட்டு கீழே இறங்கி வந்து அழுத்துகிற மாதிரி மூச்சு முட்டுகிறதாம். இங்கே வந்து, அவர்கள் பெட்டி நிற்கும் இடத்துக்கு நேரே உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலையாம். போனைத் திறந்தால் எல்லோரும் கட்டம் கட்டமாகத் தெரிவார்களாம். இவள் கட்டத்தில் முகம் இருக்காது, பேரின் முதல் எழுத்து மட்டும் ஒரு வட்டத்துக்குள் இருக்குமாம்.

"அந்த எழுத்துக்குத்தான் அட்டெண்டன்ஸ் போடறாங்க பெரிம்மா. நான் போன வெச்சிட்டு படுத்துக்கினாலும் அது உக்காந்து கிளாஸ் கேக்குது. நான் இல்லாம போய்ட்டாகூட அது இருக்கும். யாருக்கும் தெரியாது."

இல்லாமல் போய்விட்டால் என்ற சொல் எனக்குள் கல் மாதிரி விழுந்தது. அதைக் கேட்காத மாதிரி எழுந்து கீரை பறிக்கப் போயிருக்கலாம். கேட்டால் அந்த நினைப்பை நானே அவளுக்குள் போட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். காதில் அந்த மூத்த பொம்பளையின் குரல் வேறு.

ஆனால் கேட்டேன். "செத்துப்போய்டலாம்னு தோணுதாம்மா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அதிர்ச்சி இல்லை. ரொம்ப நாளாக ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டிருப்பவள், ஒரு கை கொடு என்று பார்க்கிற மாதிரி.

"தோணுது" என்றாள். "சில நாள் தோணாது. இந்த வாரம் தெனமும்."

அவள் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "உங்க அம்மாகிட்ட சொல்லலாம் வா" என்றேன்.

"எதுக்கு? நான் இங்க வந்து உக்காந்துகினு கீறேனே, தேடி ஒருத்தராவது வந்தாங்களா?"

அப்போதுதான் பீடி வாசனை வந்தது.

பிளாட்பாரத்துக் கோடியில் பூட்டிக் கிடந்த டீக்கடை. அதன் பின்பக்கம் தகரத்துக்குக் கீழே ரப்பர் செருப்பு போட்ட இரண்டு கால். செருப்பில் நீலப் பெயிண்ட் தெறித்திருந்தது. அந்தச் செருப்பு தினமும் என் வாசலைத் தாண்டிப் போவது.

"அன்பழகா" என்று கூப்பிட்டேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது.

அவர் வெளியே வந்தார். பீடியை மறைத்துக்கொண்டு, திருடப் போய் மாட்டிக்கொண்டவர் மாதிரி நின்றார்.

"சும்மா… பீடி குடிக்க வந்தேன்க்கா."

"நைனா," என்றாள் யசோதரா. "தெனமும் வர்றியா?"

அவர் தலையைக் குனிந்தார். "ம்."

"நான் வர்றப்பவே வந்துட்றியா?"

"நீ வூட்டுக்குத் திரும்பற வரிக்கும் நிப்பேன். அப்பறம் பின்னாலயே வந்துடுவேன்."

"ஏன் கூப்டல?"

"நீ ரெஸ்ட்ல கீறன்னு…" என்று இழுத்தார். தூறல் அவர் தலையில் விழுந்துகொண்டே இருந்தது.

அவளிடம் "நான் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். சொன்னேன். நாலு வார்த்தைதான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

முதலில் அவருக்கு என் மேல்தான் கோபம் வந்தது. "யாரு உங்கள இதெல்லாம் கேக்கச் சொன்னது? சும்மா கெடந்தத ஏன் கெளர்றீங்க?" என்றார்.

"பெரிம்மாவ திட்டாத" என்றாள் அவள். "சும்மா கெடக்கல நைனா அது."

அன்பழகன் ஈரச் சிமென்ட் தரையில் அப்படியே மகளின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளை பெற்ற நாளிலிருந்து பேசாத ஒரு பாஷையைப் பேசுகிறவர் மாதிரி, "இன்னாம்மா பண்ணுது" என்று கேட்டார். நான் கேட்ட அதே கேள்வி. அவளும் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். நான் எழுந்து போகப் பார்த்தேன். பையின் வாரில் இருந்த என் கையை அவள் விடவில்லை.

கோலாருக்கு

வீட்டுக்கு வந்து விமலாவிடம் சொன்னோம். லைனில் ஒருவர் ஆட்டோ வைத்திருந்தார், அதில் நாலு பேரும் கிளம்பினோம். போலீஸ் மறித்த இடத்தில் அன்பழகன் இறங்கி, "பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல" என்றார். என்ன உடம்புக்கு என்று கேட்டபோது கூசாமல் "மனசு சரியில்ல சார்" என்றார். போலீஸ்காரர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்துவிட்டுத் தடுப்பை நகர்த்தினார்.

கோலார் பெரிய ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டரம்மா சின்ன வயசு. கன்னடத்தில் பேசினார். சாப்பாடு, தூக்கம், படிப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம் குரலை மாற்றாமல், எங்கே வலிக்கிறது என்று கேட்கிற மாதிரி, நான் பெஞ்சில் கேட்டதையே கேட்டார். விமலா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

கேட்டதால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று நான் மெதுவாகக் கேட்டேன். ஆகாது, கேட்டது நல்லதாகப் போயிற்று என்றார். இவளைப் போல நிறைய காலேஜ் பிள்ளைகள் வருகிறார்கள், வராத பிள்ளைகளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது என்றார். மாத்திரை கொடுத்தார். பேசுவதற்கு அடிக்கடி வரச் சொன்னார். கொஞ்ச நாளைக்கு வீட்டில் தனியாக விட வேண்டாம் என்றார்.

விமலா வாத்தியாரம்மாவுக்குப் போன் போட்டுப் பேசினாள். தமிழும் கன்னடமும் கலந்து, பயந்து பயந்து. அந்தம்மா யசோதராவிடம் தனியாக ரொம்ப நேரம் பேசினார். குக்கர் விஷயம் அவருக்கு ஞாபகமே இல்லையாம். அதைக் கேட்டு யசோதரா அன்று நன்றாக அழுதாள். பரீட்சையை அந்தத் தரம் எழுதவில்லை, அடுத்த தரம் எழுதினாள்.

கேள்வி மேல் கேள்வி

விஷயம் பாக்கியத்துக்குத் தெரிந்தது. பிறகென்ன, சட்டம் மாறிவிட்டது.

"இன்னிக்கு இன்னா துன்ன?" "ராவுல தூங்கினியா?" "மாத்தர போட்டியா, இல்ல எடுத்துக் கடாசிட்டியா?" குழாயடியிலிருந்து, வாசலிலிருந்து, மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கிவிட்டுக்கொண்டு எல்லோரும் கேட்டார்கள். பந்து விளையாடும் பொடிசுகள்கூட "அக்கா, மனசு எப்டி கீது?" என்று கேட்டுவிட்டு ஓடின.

"பெரிம்மா, தாங்கல" என்றாள் யசோதரா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. "நல்லாகீறேன்னு போர்டு எழுதி வாசல்ல மாட்டிட்றேன்."

"மாட்டினா போர்ட எப்டி எழ்தினன்னு கேப்பாங்க" என்றேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் சிரித்து நான் கேட்டு எத்தனையோ மாசம் ஆகியிருந்தது.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் படிப்பவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அப்படி ஆகவில்லை. நல்ல நாளும் வந்தது, ஆகாத நாளும் வந்தது. ஆகாத நாளில் யார் கேட்டாலும் "நல்லாகீறேன்" என்றே சொல்லுவாள். கேட்டவர்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தலையை ஆட்டிக்கொண்டு குடத்தைத் தூக்குவார்கள்.

மழை முடிந்த சமயம் ஒருநாள். விமலா களி கிண்டிக்கொண்டிருந்தாள். நான் கொஞ்சம் உப்பு வாங்கப் போயிருந்தேன். களி கிண்டும்போது கையை எடுக்க முடியாது, எடுத்தால் கட்டி தட்டிப் போகும். துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து அழுத்திக்கொண்டே, மகள் பக்கம் திரும்பாமல், வழக்கமாகக் கேட்பது போல விமலா கேட்டாள்.

"இன்னிக்கு எப்டிம்மா கீது?"

யசோதரா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி அம்மாவின் முதுகைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்.

"இன்னிக்கு நல்லால்லம்மா."

விமலா துடுப்பை விட்டாள். அடுப்பை அணைத்தாள். மாவு ஒட்டிய கையைக்கூடத் துடைக்காமல் வந்து, படியில் மகளுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தாள்.

"சொல்லு" என்றாள்.

நான் உப்பு வாங்காமலே வந்துவிட்டேன். அன்றைக்கு அந்த வீட்டில் களி கட்டி கட்டியாகத்தான் இருந்திருக்கும்.